ஈரத்தோடு போட்ட எடை

மின் நிலையத்தின் ஆய்வுக்கூடம் சின்னது. ஒரு நீள மேஜை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, சுவரோரம் இரண்டு உலர்த்தும் அடுப்புகள், அவ்வளவுதான். அதற்குள் அன்று ஏழெட்டுப் பேர் அடைந்து நின்றார்கள். அவள் ஒருத்தி பார்க்க வந்தவள். மற்றவர்கள் அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள்.

அவள் அரசாங்கத்தின் புகைக் கணக்குப் பிரிவில் வேலை செய்தாள். நாட்டில் இருக்கிற மின் நிலையங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு எவ்வளவு நச்சுப் புகை விடுகிறது என்று கணக்கிட்டு ஒரே அட்டவணையாகக் கொடுப்பது அந்தப் பிரிவின் வேலை. எல்லாப் புகைபோக்கியிலும் ஏறி அளக்க ஆள் கிடையாது. மாட்டி வைத்த கருவிகளும் பாதி நாள் பழுதாகிக் கிடக்கும். ஆகவே கணக்குதான். எரித்த நிலக்கரி எத்தனை டன், அதில் கந்தகம் எத்தனை பங்கு, வழியில் சாம்பலோடு பிடிபட்டது போக வெளியே போனது எவ்வளவு. பேச்சுக்குப் பேச்சு டன், டன் என்று சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் அவளுக்கே டன் என்று பெயர் விழுந்துவிட்டது. ஊதினால் பறந்துவிடும் உடம்பு என்பதால் அந்தப் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையத்தின் பெயர் அவளுடைய அட்டவணையில் உச்சத்தில் இருந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எட்டு கிராமுக்கு மேல் கந்தகப் புகை விட்டால் நிலையத்தை மூடிவிட்டு, புகையைக் கழுவும் இயந்திரம் பொருத்திய பிறகே திறக்க வேண்டும் என்பது சட்டம். அவள் கணக்கில் வந்தது பதினொன்று. அந்தப் பதினொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்கள் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் விசாரணை. அரசுத் தரப்பில் கணக்குச் சொல்ல வேண்டியவள் அவள். அதற்கு முன்னால் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டு வந்தாள்.

வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வரும் வழியில் கரி போகும் பெல்ட்டைக் காட்டினார்கள். பழுப்பு நிலக்கரி, கையில் எடுத்தால் ஈரமண் போல ஒட்டியது. பெல்ட்டுக்கு அடியில் இருந்த எடைக் கருவியின் மேல் கரி ஊர்ந்து போக, ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. செருப்பில் சேறாகிவிட்டதே என்றுதான் தோன்றியது.

ஆய்வுக்கூடத்துப் பெண்மணி கலகலப்பானவள். இத்தனை பேர் சூழ்ந்து நிற்பது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். உறை மாட்டிய கையால் அடுப்பைத் திறந்து ஒரு தட்டை வெளியே இழுத்தாள். தட்டில் கரி பொடிப்பொடியாக, சாம்பல் பூத்து இருந்தது.

“நல்லா காய வச்சுத்தான் மேடம் கந்தகம் பார்ப்போம். இங்க வர்ற கரியில மூணுல ஒரு பங்கு தண்ணிதான். அப்படியே போட்டா ரீடிங் ஆடும்” என்றாள்.

டன் தலையாட்டினாள். தலையாட்டி முடிப்பதற்குள் பெல்ட்டின் ஓரத்தில் சொட்டிய தண்ணீர் ஞாபகம் வந்தது.

எடை ஈரத்தோடு போட்டது. கந்தகத்தின் அளவு காய்ந்த கரிக்குப் பார்த்தது. அவள் இரண்டையும் பெருக்கியிருந்தாள். நனைந்த துணி மூட்டையை நிறுத்துவிட்டு அத்தனையும் துணியின் எடை என்று எழுதிக்கொண்ட மாதிரி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கும் கந்தகம் உண்டு என்று கணக்குக் காட்டியிருந்தாள். மற்ற நிலையங்கள் எல்லாம் ஈரத்தோடு சேர்த்தே கந்தகத்தைச் சொல்லும். இந்த ஒரு நிலையம் மட்டும் தனக்கே குழி தோண்டுகிற மாதிரி, காய்ந்த கணக்கை அனுப்பியிருக்கிறது. அங்கே யாருக்கும் அது தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்க வேண்டும். அவள் தராசைப் பார்த்தாள், சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். தட்டில் இருந்த பொடியை மட்டும் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய அடுத்த கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அதைக் கேட்டால் இந்த அறையில் இருக்கிற ஒருவனுக்காவது பொறி தட்டிவிடும்.

அந்த ஒருவன் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றான். நிலையத்தின் சார்பில் கணக்குச் சொல்ல அமர்த்தப்பட்ட நிபுணன், அவளோடு கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவன். அங்கே அவனைப் பூனை என்று கூப்பிடுவார்கள். வாய் திறக்கிற வரைக்கும் அவன் அறையில் இருப்பதே தெரியாது. திறந்தால் யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். காலையிலிருந்து அவன் அவளிடம் பேசியதெல்லாம் மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும்தான்.

“எல்லாம் பார்த்தாச்சா?” என்று கேட்டான் இப்போது. கேட்டுவிட்டுச் சிரித்தான்.

பார்த்தாகிவிட்டது என்றாள். தெரிந்து சிரிக்கிறானா, சும்மா சிரிக்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஊரில்தான் அவளுடைய தம்பி மருந்துக்கடை வைத்திருந்தான். வழக்குப் போட்ட ஊர்க்குழுவுக்கும் அவன்தான் செயலாளர். இது மறைக்கிற விஷயம் இல்லை. வழக்கு வந்த அன்றே அவள் தன் பிரிவுத் தலைவருக்கும் ஆணையத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். விசாரணை முடிகிற வரைக்கும் தம்பி வீட்டில் தங்குவதில்லை என்றும் வைத்திருந்தாள். ஆனால் அன்று விடுதி வரைக்கும் போகப் பொறுமை இல்லை. நேராகக் கடைக்குப் போய், யாரோடும் பேசாமல், பின்பக்கம் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் புகுந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

பதினொன்று ஏழரையாக இறங்கியது. ஒருமுறைக்கு மூன்று முறை போட்டுப் பார்த்தாள். ஏழரைதான். இப்படிக் கணக்கில் ஒரு கிராம் முன்னே பின்னே போவது சகஜம். அப்படியென்றால் ஆறரையாகவும் இருக்கலாம், எட்டரையாகவும் இருக்கலாம். சட்டத்தின் கோடு நடுவில் ஓடியது.

அவளுக்கு அதிகம் வலித்தது எண் இல்லை. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் விவரம் வரும்போது, வழக்கத்துக்கு மாறாக எது இருந்தாலும் தொலைபேசியில் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்பது அவள் பழக்கம். நிலையத்துக்காரர்கள் அவள் குரலைக் கேட்டாலே நெளிவார்கள். இந்த நிலையத்தின் எண் மட்டும் அத்தனை பெரிதாக வந்தபோது அவள் யாரையும் கூப்பிடவில்லை. தம்பி பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: காலையில் ஜன்னலைத் திறந்தால் தொண்டையில் அரிக்கிறது, மூச்சு மருந்து முன்பெல்லாம் பெட்டியில் வாங்கியவன் இப்போது மூட்டையில் வாங்குகிறேன் என்று. பெரிய எண் வரும் என்று அவள் ஏற்கெனவே நம்பியிருந்தாள். வந்தது. சரி என்று வைத்துக்கொண்டாள்.

தம்பி தேநீரோடு உள்ளே வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைப் பெட்டி மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். அவள் மறைக்கவில்லை. ஈரம், காய்ந்தது, பெருக்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மருந்தாளன், கலவைக் கணக்கு அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாதியிலேயே புரிந்துகொண்டான்.  முன்பக்கம் வேலை செய்கிற பெண் ஏதோ மாத்திரையின் விலையைக் கேட்டுக் குரல் கொடுத்தாள். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

“இது எத்தனை பேருக்குத் தெரியும்?”

“எனக்கு. இப்ப உனக்கு.”

“அந்தப் பூனைக்கு?”

“தெரியலடா. அவன் எதிர்லதான் அந்த அம்மா சொன்னாங்க. அவன் மூஞ்சியைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.”

“தெரிஞ்சிருந்தா இந்நேரம் பத்திரிகையில போட்டிருப்பான்.”

“அவன் அப்படிச் செய்ய மாட்டான். நான் எழுந்து பதினொண்ணுன்னு சொல்ற வரைக்கும் காத்திருப்பான்.”

தம்பி எழுந்து அறைக்குள்ளேயே நடந்தான். நடக்க இடமில்லை, இரண்டு எட்டு வைத்தால் பெட்டி இடித்தது. பிறகு நின்று, தாழ்ந்த குரலில், வழக்கமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னான்.

“அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. அவங்க அனுப்பின விவரம். அவங்க கையெழுத்து. நீ ஒண்ணும் பொய் சொல்லல. அவங்க தப்பா அனுப்பினதுக்கு நீ ஏன் தலையைக் கொடுக்கற?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே.”

“இங்க வந்திருக்காட்டி தெரிஞ்சிருக்காது இல்ல?”

 அவன் மேலும் பேசினான். இந்த வழக்குக்காக வீடு வீடாக ஏறி இறங்கியது, கையெழுத்துப் போட பயந்தவர்களைச் சமாதானப்படுத்தியது, நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டது, எல்லாம் வந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. தேநீர் ஆறி ஏடு படிந்தது. கிளம்பும்போது, முடிவு செய்யவில்லை என்று அவள் சொன்னாள். செய்துவிட்டாய் என்று அவன் சொன்னான்.

விடுதிக்குப் போய்ப் பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் திருத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்துவிடும். முழுவதையும் கேட்டுவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். அட்டவணை வெளியாகிவிட்டது, வெளிநாட்டு அமைப்புகள் வரைக்கும் போய்விட்டது, அடுத்த வருடப் பதிப்பில் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடலாம் என்றார். விசாரணையில் பதினொன்று என்றும் சொல்ல வேண்டாம், ஏழரை என்றும் சொல்ல வேண்டாம், ‘வெளியிடப்பட்ட அட்டவணையின்படி’ என்று ஆரம்பித்துப் பொதுவாகப் பேசிவிட்டு வந்துவிடுங்கள் என்றார். பிறகு, எதற்கும் நான் தடை சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். ஆக, அவர் சொன்னது எதுவும் சொன்னதாக ஆகவில்லை. எல்லாம் அவள் தலையில்தான்.

இடையில் இருந்த நாட்கள் நகரவே இல்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் பூனையின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அவனுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டால் வழி சுலபம்: முந்திக்கொண்டு அவளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க்காரர்களின் வழக்கு மொத்தமும் பொய் என்று அவன் ஆக்கிவிடுவான். அவனுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டால் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலை. நிலையம் மூடப்படும், தம்பியின் தெரு மூச்சு விடும், யாரும் எதையும் கிளறப் போவதில்லை. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தான் ஆசைப்படுவதை அவளே ஒருமுறை கவனித்தாள். அவன் கையில் பொறுப்பைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

தம்பி மனைவி ஒருமுறை கூப்பிட்டாள். அண்ணி, அவர் சரியாகப் பேச மாட்டேன் என்கிறார், கடையில் சில்லறை தப்பாகக் கொடுக்கிறார், உங்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். விசாரணை முடியட்டும், சொல்கிறேன் என்று அவள் மென்று விழுங்கினாள்.

விசாரணை அந்த ஊரிலேயே, அரசுக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. கூடம் கொள்ளாத கூட்டம். மின்விசிறிகள் மேலே கிறீச்சிட்டன. ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, வயதான அம்மாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லோரையும் சத்தமாகப் பேசச் சொன்னார். இடது பக்கம் ஊர்க்காரர்கள், முன்வரிசையில் தம்பி. வலது பக்கம் நிலையத்தின் வழக்கறிஞர், அவருக்குப் பக்கத்தில் பூனை. பூனையின் முன்னால் ஒரு தடித்த உறை, மூடி ஒட்டப்பட்டு இருந்தது. அவன் அதன் மேல் கையை வைத்திருந்தான். அவளுடைய கண் திரும்பத் திரும்ப அந்தக் கையில்தான் போய் விழுந்தது.

பெயர் அழைத்தார்கள். அவள் எழுந்து போய் நின்றாள். மேசையை ஒட்டி நின்றுகொண்டாள். அரசு வழக்கறிஞர் வழக்கமான கேள்வியோடு ஆரம்பித்தார்: வெளியிடப்பட்ட அட்டவணையில் இந்த நிலையத்துக்கு நீங்கள் காட்டியிருக்கும் அளவு என்ன?

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

“பதினொண்ணுன்னு காட்டியிருக்கேன். அது தப்பு” என்றாள்.

தலைவர் கையைக் காதருகே வைத்துக்கொண்டு, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அவள் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

“அது தப்புங்க. நான்தான் தப்பா போட்டேன். சரியான அளவு ஏழரைக்குப் பக்கத்துல.”

 இடது பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ ஒரு பெண் ஐயோ என்று மெதுவாகச் சொன்னாள். அரசு வழக்கறிஞர் கையில் இருந்த தாளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மட்டும் பேசிக்கொண்டு போனாள். ஈரத்தோடு போட்ட எடை, காய வைத்துப் பார்த்த கந்தகம், நிலையம் அதைச் சொல்லாமல் அனுப்பியது, தான் கேட்காமல் விட்டது. கேட்காமல் விட்டது தன் பிழை என்று இரண்டு முறை சொன்னாள்.

நிலையத்தின் வழக்கறிஞர் எழுந்தபோது அவர் முகத்தில் கல்யாணக் களை. கோடு எட்டு, அளவு ஏழரை, வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். தலைவர் அவளைப் பார்த்து, ஏழரை என்பது உறுதியா என்று கேட்டார். இல்லை, ஒரு கிராம் கூடலாம், குறையலாம் என்றாள். அப்படியானால் கோட்டுக்கு மேலா, கீழா?

“கணக்கால சொல்ல முடியாதுங்க. நிலையத்துல பழசு, புதுசுன்னு ரெண்டு உற்பத்தி யூனிட், ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டுலதான் எடை போடறாங்க. பழைய யூனிட் எவ்வளவு, புதுசு எவ்வளவுன்னு பிரிக்கவும் முடியாது.”

இதைக் கேட்டதும் நிலையத்தின் வழக்கறிஞருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இவருடைய கணக்கை இனி எப்படி நம்புவது, இன்று ஏழரை என்பவர் நாளை ஐந்து என்பார், இந்தக் காகிதக் கணக்கின் மேல் எந்த முடிவையும் எடுக்க முடியாது, எடுக்கவே கூடாது என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். பூனை அவருடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்ததை அவள் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை.

தலைவர் அவர் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நீங்கள் சொல்வது நியாயம்தான், காகிதத்தை நம்ப வேண்டாம், இரண்டு புகைபோக்கியிலும் ஏறி அளந்துவிடலாம் என்றார். வழக்கறிஞரின் கை மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அளப்பதற்கு ஒரு வெளிக்குழு, இரு தரப்பிலிருந்தும் சாட்சிகள், அளவு வரும் வரை வழக்கு நிலுவை. மழைக்காலம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

படிக்கட்டில் கூட்டம் நெரிந்தது. அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். ஊர்க்காரர்கள் அவளைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்தினார்கள். தாண்டிய பிறகு மறுபடியும் ஆரம்பித்தார்கள். தம்பி பின்னால் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பூனை வந்து அவளிடம் நின்றான்.

“எனக்குத் தெரியும்னு நினைச்சுத்தானே சொன்ன?” என்று கேட்டான்.

அவள் அவன் கையில் இருந்த உறையைப் பார்த்தாள்.

“நான் பார்க்கவே இல்ல. அந்த அம்மா பேசும்போது செல்லைப் பார்த்துட்டிருந்தேன். இந்தக் கவர்ல இருக்கறது உன் தம்பி இங்க இருக்கான்கறதைப் பத்தி ஒரு மனு. அவ்வளவுதான் எங்ககிட்ட இருந்தது.” கொஞ்சம் நின்று, “உன் இடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

தம்பி இரண்டு படி மேலே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை; கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வேலை முடிந்த களைப்போடு கடையின் கதவை இழுத்துச் சாத்துகிறவன் முகம் மாதிரி இருந்தது.

“வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்” என்றான்.  ஊர்க்காரர்களின் வேன் அவனுக்காகக் காத்திருந்தது. ஏறிப் போய்விட்டான்.

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சரியானதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. வரவில்லை. படியைத் துடைக்க வேண்டும், எழுந்திருங்கள் என்று வாளியோடு ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

அலுவலகத்தில் அவள் பெயரில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தாள். பிரிவுத் தலைவர் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. திருத்தப்பட்ட அட்டவணை வெளியானபோது மட்டும், எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருக்கிறது என்று பாராட்டினார். தம்பியிடமிருந்து அழைப்பு இல்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் மனைவிதான் எடுத்தாள். அவர் கடையில் இருக்கிறார் அண்ணி என்பாள்; பின்னால் அவன் இருமுவது கேட்கும்.

மழை நின்றது. அளக்கும் நாள் வந்தது. அரசுத் தரப்பு சாட்சியாக அவளையே போகச் சொன்னார்கள். ஊர்த் தரப்பு சாட்சி யார் என்று அவள் கேட்கவில்லை. புகைபோக்கியின் அடியில், தலைக்கவசத்தின் வாரை மாட்டத் தெரியாமல் மோவாயை நீட்டிக்கொண்டு நின்றவன் தம்பி.

முதலில் பழைய யூனிட். லிஃப்ட் என்று பெயரே தவிர அது ஒரு கம்பிக்கூண்டு. அளக்கும் குழுவில் இரண்டு பேர், இவர்கள் இரண்டு பேர், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படுகிற நெருக்கம். கூண்டு உரசிக்கொண்டே ஏறியது. பாதியில் ஒரு குலுக்கலோடு நின்று, எல்லோருடைய உயிரையும் ஒரு நிமிஷம் கையில் பிடித்து வைத்துவிட்டு மறுபடி கிளம்பியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவன் கை ஆதரவுக்குத் துழாவி, அவளுடைய கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. அவள் அசையாமல் நின்றாள்.

மேலே, புகைபோக்கியைச் சுற்றிக் கம்பிவலைத் தளம். காலுக்கு அடியில் பார்த்தால் தரை வரைக்கும் தெரிந்தது. காற்று உடையைப் பிடித்து இழுத்தது. புகைபோக்கியின் சுவரில் தொட்டால் சூடு, உள்ளே ஓயாத உறுமல். குழுவில் மூத்தவர் துளையின் மூடியைக் கழற்றி நீளக் குழாயை உள்ளே விட்டார். பெட்டியில் எண்கள் ஓட ஆரம்பித்தன. 

கொஞ்ச நேரத்தில் உறுமல் மாறியது. தம்பிதான் முதலில் அண்ணாந்து பார்த்தான். சத்தம் இறங்கிக்கொண்டே போனது. மூத்தவர் கையை உயர்த்தி, நிறுத்து என்றார். கீழே கட்டுப்பாட்டு அறையில் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பைத் தணித்துவிட்டு எடுக்கிற அளவு எதற்கும் உதவாது. அவள் வாக்கி டாக்கியை வாங்கி, ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டாள். ஏதோ விசிறியில் அதிர்வு என்று பதில் வந்தது. எப்போது சரியாகும்? தெரியாது. இன்றைக்கு முடியாது போலிருக்கிறது, இறங்கி வந்துவிடுங்கள் என்றது அந்தக் குரல்.

“இறங்க மாட்டோம். ஆணையத்தோட உத்தரவு. முழு உற்பத்தி வர்ற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்” என்றாள் அவள். குரல் காற்றில் கிழிந்தது. “அதிர்வு எந்த விசிறியில, எவ்வளவுன்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்.”

எதிர்ப்பக்கம் பதில் இல்லை. வெயில் ஏறியது. கம்பிவலை சூடானது. தண்ணீர் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. நான்கு பேரும் மாற்றி மாற்றி ஒரு மடக்குக் குடித்தார்கள். தம்பி சுவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கீழே பார்க்காமல் இருக்கத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனுக்கும் காற்றுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

“பயமா இருந்தா நீ இறங்குடா. ஊர்க்குழுவுல வேற யாரையாவது அனுப்பச் சொல்லலாம்.”

“நான் இறங்கினா ஊர்ச் சாட்சி இல்லைன்னு சொல்லி இதையும் செல்லாதுன்னுவாங்க.”

அவன் சொன்னது சரி.  அவன் நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது; துடைக்கக் கையை எடுத்தால் கம்பியை விட வேண்டும் என்பதால் துடைக்கவில்லை. அவள் தன் முந்தானையால் ஒற்றிவிட்டாள். அவன் தடுக்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

பிற்பகலில் உறுமல் திரும்ப ஏறியது. அதிர்வு தானாகச் சரியாகிவிட்டதாம். மூத்தவர் குழாயை மறுபடி உள்ளே விட்டார். இந்த முறை யாரும் குறைக்கவில்லை. பெட்டியில் ஓடிய எண்களைத் தம்பி எட்டிப் பார்த்தான். அவை நேரடியாக எதையும் சொல்லாது, கீழே போய்க் கணக்குப் போட்டால்தான் தெரியும் என்று அவள் சொன்னாள். இன்னும் கணக்கா என்று அவன் கேட்டான். குழுவில் இளையவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி சிரிக்கவில்லை.

மறுநாள் புது யூனிட்டையும் அளந்தார்கள். முடிவு ஆணையத்துக்குத்தான் போனது. பழைய யூனிட் ஒன்பதரை. புதியது ஆறே சொச்சம். பழையதை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. புதியது ஓடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் புகை கழுவும் இயந்திரம் பொருத்த வேண்டும். நிலையத்தின் வழக்கறிஞர் மேல்முறையீட்டுக்குப் போய்ப் பார்த்தார். அளந்தது அளந்ததுதான் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

ஊர் அதை வெற்றி என்று கொண்டாடவில்லை. பாதிப் புகை போனது, பாதி இருந்தது. பழைய யூனிட்டில் வேலை பார்த்தவர்களில் சிலர் ஊரை விட்டுப் போனார்கள். இரண்டையும் சேர்த்து மூடியிருக்கலாம், அந்தக் கணக்கு அம்மா வாயைத் திறந்ததால்தான் ஒன்று தப்பியது என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது கணக்குப்படி பார்த்தால் உண்மைதான். அவள் அதை மறுத்ததில்லை.

அவள் அட்டவணையில் இருந்த ஒவ்வொரு நிலையத்தையும் மறுபடி கூப்பிட்டாள். கந்தகம் ஈரத்தோடு பார்த்ததா, காய வைத்துப் பார்த்ததா? எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். சின்னதாக இருந்த எண்களைப் பற்றியும் கேட்டாள், பெரிதாக இருந்தவற்றைப் பற்றியும் கேட்டாள்.

வருடம் திரும்பிய பிறகு ஒருநாள் தம்பி அவள் இருக்கும் தலைநகரத்துக்கு மருந்துக் கொள்முதலுக்கு வந்தான். விடுதியில் இறங்கியிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னான். அவள் உடனே ஆட்டோ பிடித்துப் போய், அவனுடைய பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அவன் பின்னாலேயே வந்தான். வீட்டில் அவனுக்குப் படுக்கை போட்டாள். அவன் மகளின் தேர்வைப் பற்றிப் பேசினார்கள், தம்பி மனைவியின் முதுகுவலியைப் பற்றிப் பேசினார்கள், அவளுடைய வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, இதைக்கூடச் சரி செய்யாமல் என்ன அக்கா குடித்தனம் செய்கிறாய் என்று அவன் கடிந்துகொண்டான். கடையில் போய் வாஷர் வாங்கி வந்து மாட்டினான்.

அந்த வழக்கைப் பற்றி அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. காலையில் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அடுத்த மாதம் என் மகளைப் பார்க்க ஊருக்கு வருவாய் அல்லவா, வீட்டிலேயே தங்கு என்று சொன்னான். சரி என்றாள்.